ஆமென் என்று சொல்வதற்கு முன்

என் நெருங்கிய நண்பர் ஒருவரிடம், தம் குழந்தையின் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) ஞானத்தந்தையாக நிற்கும்படி உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர் மறுத்துவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். காரணம் கேட்டபோது, "அந்தச் சடங்கில் என்னிடம் நேராகக் கேள்வி கேட்பார்கள். உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறீர்களா என்று கேட்கும்போது, விசுவசிக்கிறேன் என்று நான் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியாது" என்றார். இத்தனைக்கும் ஞாயிறு திருப்பலியை அவர் தவறவிடுவதில்லை. திருப்பலியில் வழங்கப்படும் அப்பமாகிய நற்கருணையை வாங்க வரிசை நகரும்போது மட்டும் எழுந்து மற்றவர்களுக்கு வழிவிட்டுவிட்டு, மீண்டும் அதே இடத்தில் அமர்ந்துகொள்வார். அன்று அவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை: "அப்படியானால் நான் கத்தோலிக்கனா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்."

அந்தக் கேள்வியோடு பல மாதங்கள் இருந்த பிறகே இதை எழுதுகிறேன்.

கத்தோலிக்கரிடையே அடிப்படைக் கோட்பாடுகள் மீதான நம்பிக்கை குறைந்துவருகிறது என்று பேசும் எவரும் முதலில் காட்டுவது, பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் நடத்தி 2019 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கெடுப்பைத்தான். திருப்பலியில் அப்பமும் இரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்று சொன்ன கத்தோலிக்கர் 31 விழுக்காட்டினர் மட்டுமே. அவை அடையாளங்கள்தாம் என்று சொன்னவர்கள் 69 விழுக்காட்டினர். 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் என்ற ஆயர்களின் பொதுச்சபை பெயரிட்டுச் சொன்ன, 1551இல் திரிதெந்து சங்கம் விரித்து உறுதிசெய்த போதனையை மூன்றில் இரண்டு பேர் ஏற்கவில்லை என்ற செய்தி ஆயர்களை உலுக்கியதில் வியப்பில்லை. நற்கருணைப் பக்திக்குப் புத்துயிர் அளிக்க 2022இல் அவர்கள் ஒரு தேசிய இயக்கத்தையே தொடங்கினார்கள். 2024 ஜூலையில் இண்டியானாபொலிஸ் நகரில் பெரும் நற்கருணை மாநாடும் நடந்தது.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பின் உள்ளே இருக்கும் இன்னொரு எண்தான் என்னை அதிகம் பாதித்தது. அடையாளம் என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் திருச்சபையை எதிர்த்து அப்படிச் சொல்லவில்லை. திருச்சபையின் போதனையை அறிந்தும் அதை மறுத்தவர்கள் மொத்தத்தில் 22 விழுக்காடுதான். 43 விழுக்காட்டினரோ, அவை அடையாளங்கள் என்று நம்பியதோடு, திருச்சபையும் அப்படித்தான் போதிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர்களை விசுவாசத்தை இழந்தவர்கள் என்று எந்த நியாயத்தில் சொல்வது? கையில் கொடுக்கப்படாத ஒன்றை ஒருவர் எப்படித் தொலைக்க முடியும்?

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. சிறுவயதில் நம்பிக்கை அறிக்கையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளில் நானும் ஒருவன். "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். உத்தானம் என்றால் உயிர்த்தெழுதல் என்று எனக்குத் தெரியாது; யாரும் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. நித்திய சீவியத்துக்கு முன்னால் வரும் ஏதோ ஒரு நல்ல காரியம் என்ற அளவில் அந்தச் சொல் என் நாவில் இருந்தது. அந்த வயதில் யாராவது என்னிடம், இறந்தவர்களின் உடல் மீண்டும் எழும் என்று நம்புகிறாயா என்று கேட்டிருந்தால், ஆன்மா மட்டும் விண்ணகம் போகும் என்று பதில் சொல்லியிருப்பேன். நம்பிக்கை இல்லாதவர்களின் பக்கத்தில் என் பெயரும் சேர்ந்திருக்கும். பின்னாளில் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது, அதே சொல்லை அதே வேகத்தில் அவர்கள் ஒப்பிப்பதைக் கேட்டு, அவர்களை நிறுத்தி விளக்குவதற்கு எனக்கே முதலாண்டில் தைரியம் வரவில்லை. பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் வென்றது. அந்தக் குற்ற உணர்வு இன்றும் இருக்கிறது.

கேள்வி கேட்கப்படும் விதத்தையும் கவனிக்க வேண்டும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு மையம் ஒன்று சில ஆண்டுகள் கழித்து வேறு சொற்களில் கேட்டபோது, நற்கருணையில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பதை ஏற்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் என்று தெரியவந்தது. எந்தக் கணக்கு சரி என்று வாதிடுவதைவிட, நம்பிக்கையை ஒரு படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கும்போது நழுவிப்போவது எது என்று யோசிப்பதே பயனுள்ளது. முழந்தாள்படியிட்டு நற்கருணை வைக்கப்பட்டிருக்கும் பேழையின் முன் அரை மணி நேரம் பேசாமல் இருக்கும் ஒருவர், தத்துவச் சொல்லில் அமைந்த வாக்கியத்துக்குத் தவறான கட்டத்தில் குறி இட்டுவிடக் கூடும்.

சரி, உறுப்பினர் யார்? திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 205ஆம் எண் மூன்று பிணைப்புகளைச் சொல்கிறது: விசுவாச அறிக்கை, அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை), திருச்சபை ஆளுகை. திருமுழுக்குப் பெற்று இந்த மூன்றாலும் இணைந்திருப்பவரே முழு ஒன்றிப்பில் இருப்பவர். பதினாறாம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித இராபர்ட் பெல்லார்மின் இதே மூன்றை முன்வைத்தபோது, திருச்சபை என்பது வெனிஸ் குடியரசைப் போலவும் பிரெஞ்சு அரசைப் போலவும் கண்ணால் காணக்கூடிய மக்கள்கூட்டம் என்றார். ஒருவரை அதன் உறுப்பினர் என்று சொல்ல, வெளிப்படையான அறிக்கை போதும், உள்ளத்தின் புண்ணியத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். முதலில் படித்தபோது இது எனக்கு வறட்சியாகப் பட்டது. இப்போது அதில் ஓர் இரக்கம் தெரிகிறது. யாருடைய உள்ளத்தையும் சல்லடை போட்டுச் சலித்து வெளியே தள்ளும் உரிமை எவருக்கும் இல்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது அல்லவா?

தப்பறை என்ற கடுமையான சொல்லைக்கூடச் சட்டம் எளிதில் யார் மீதும் வீசுவதில்லை. விசுவசிக்க வேண்டிய உண்மையை, திருமுழுக்குப் பெற்ற ஒருவர் பிடிவாதமாக மறுப்பதோ பிடிவாதமாக ஐயுறுவதோதான் தப்பறை என்று 751ஆம் எண் வரையறுக்கிறது. அந்தப் "பிடிவாதம்" என்ற ஒற்றைச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அறியாதவரிடம் பிடிவாதம் இல்லை. புரிந்துகொள்ளப் போராடுகிறவரிடமும் இல்லை. பத்தாயிரம் இடர்ப்பாடுகள் சேர்ந்தாலும் ஒரு சந்தேகம் ஆகிவிடாது என்று ஆங்கிலேய இறையியலாளர் புனித ஜான் ஹென்றி நியூமன் எழுதியது இதைத்தான் தொடுகிறது. ஒரு கணக்குக்கு விடை வரவில்லை என்பதால், விடையே கிடையாது என்று ஆகிவிடாது.

ஜெர்மனியில் இந்தக் கேள்வி அரசு அலுவலக மேசை வரை போய்விட்டது. அங்கே திருச்சபையில் பதிவு பெற்றவர்கள் வருமான வரியோடு, அந்த வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபை வரியாகவும் செலுத்துகிறார்கள். விலக விரும்புகிறவர் அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ சென்று அறிவித்தால் போதும். 2022இல் மட்டும் 5,22,821 பேர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து இப்படி விலகினார்கள். விலகுகிறவர்களுக்கு அருளடையாளங்கள் கிடையாது என்று ஆயர்கள் 2012இல் ஆணை வெளியிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்துகிறது. மூவொரு கடவுளை மனத்தால் கைவிட்ட ஒருவர் வரி செலுத்திக்கொண்டே உறுப்பினராகத் தொடர்கிறார். முறைகேடுகள் மூடி மறைக்கப்பட்டதைக் கண்டு மனம் வெந்து விலகிய ஒருவர், விசுவாசம் குன்றாமலே வெளியில் நிற்கக் கூடும். ஆனாலும் திருமுழுக்கு அழியாத முத்திரை என்பதே திருச்சபையின் போதனை. எந்த அலுவலகத்தின் முத்திரையும் அதை அழிக்காது. திரும்பி வருகிறவருக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதும் இல்லை.

இப்படியெல்லாம் எழுதுவதால், கோட்பாடு எதுவானாலும் பரவாயில்லை, பிறப்பும் பழக்கமும் போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை நான் முழு மூச்சாக மறுப்பேன். கோட்பாடுகளிலும் வரிசை உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1964இல் சொன்னது. குருக்களின் மணத்துறவு பற்றிய கருத்து வேறு, கிறிஸ்து உயிர்த்தார் என்பது வேறு. முன்னது ஒழுங்குமுறை, காலத்தால் மாறக்கூடியது. பின்னதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல மனிதர்களின் சங்கம் மட்டுமே. நான்காம் நூற்றாண்டில், கிறிஸ்து மெய்யான கடவுள் அல்ல என்ற ஆரியுஸின் கொள்கை பரவி, ஆயர்களில் பலர் தடுமாறியபோது, கிறிஸ்து மெய்யான கடவுள் என்பதைப் பெரிதும் பற்றிக்கொண்டு நின்றவர்கள் குருக்கள் அல்லாத பொதுநிலையினரே என்று நியூமன் 1859இல் எழுதினார். நம்பிக்கை அவர்களுக்கு அறிஞர்களின் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அதற்காக அவர்கள் கோவில்களை இழந்தார்கள்.

யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பதும் இதனால்தான். தம் சதையை உண்ண வேண்டும் என்று இயேசு சொன்னதும் சீடர்களில் பலர் போய்விடுகிறார்கள். அவர் பேச்சைத் தணிக்கவில்லை, உவமையாகச் சொன்னேன் என்று அவர்களைத் திருப்பி அழைக்கவும் இல்லை. பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். பேதுரு அப்போது, எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லவில்லை. "ஆண்டவரே, நாங்கள் யாரிடம் போவோம்?" என்றுதான் கேட்கிறார். புரியாமையோடு தங்குவதற்கு அங்கே இடம் இருந்தது. சொல்லப்பட்டதைச் சொல்லப்படாததாக ஆக்கிக்கொண்டு தங்குவதற்கு இடம் இல்லை.

என் நண்பருக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "நீங்கள் கத்தோலிக்கர்தான். ஞானத்தந்தையாக நிற்க மறுத்ததும் சரிதான். அந்தக் கேள்விக்குப் பொருள் இருக்கிறது என்று நம்புகிறவர்தான் அதற்குப் பொய்ப் பதில் சொல்ல அஞ்சுவார்." அவர் இதை முழுதாக ஏற்கவில்லை. அறிக்கையில் ஒரு வரியைச் சொல்ல முடியாதவர் முழு ஒன்றிப்பில் இருப்பதாக எப்படிச் சொல்வீர்கள் என்று என்னையே மடக்கினார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முழு ஒன்றிப்பு என்று சட்டம் சொல்லும்போது, முழுமை பெறாத ஒன்றிப்பும் உண்டு என்று அதற்குள்ளேயே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். திருச்சபையின் மடியில் உடலால் இருந்தும் உள்ளத்தால் இல்லாதவர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் யாரைக் குறிப்பிடுகிறது என்பதையும் சொன்னேன்: அன்பில் நிலைத்திராதவரை. அதைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

அவரால் என்னிடம் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் வரிசையில் நகரும்போது அடுத்து என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே போவேன். இப்போது குரு அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லும்போது, ஒரு நொடி நின்று, ஆம் என்று சொல்ல எனக்கு மனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆமென் சொல்கிறேன். அந்த நொடியில் பின்னால் நிற்பவர் லேசாக இடித்துக்கொள்வதும் உண்டு.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பாஸ்கா திருவிழிப்பு இரவில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது; எல்லார் கையிலும் எரியும் மெழுகுதிரி. விண்ணையும் மண்ணையும் படைத்த தந்தையைப் பற்றிய முதல் கேள்விக்கு அவருடைய குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டாவதுக்குச் சற்றுத் தாழ்ந்து கேட்டது. தூய ஆவியும் திருச்சபையும் உடலின் உயிர்ப்பும் வரும் மூன்றாவது கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை. குரு தீர்த்தம் தெளித்துக்கொண்டே எங்கள் வரிசையைக் கடந்தபோது, மெழுகுதிரியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.