நீரைக் கேட்கும் பசை

திருகோணமலை உட்துறைமுகக் கரையோரமாக இருக்கும் ஒரு படகுத் திருத்தகத்தில், பொருட்களின் தரம் பார்க்கும் பொறுப்பில் வேலை செய்துவருகிறேன். எங்களிடம் வருபவை பெரும்பாலும் பைபர் படகுகள்: மீன்பிடிக்குப் போகிறவை, நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்கிறவை, திமிங்கிலம் பார்க்கப் போகிறவை. உடைந்த இடத்துக்குக் கண்ணாடி இழைப் பாய் வைத்து ரெசின் பூசி எடுப்பது பழகிய வேலைதான். படகின் உடலும் மேல்தட்டும் சந்திக்கும் விளிம்பை ஒட்டிப் பிடிக்கவைப்பதே கடினமானது. அந்த விளிம்பு அலை அடிக்கும்போதெல்லாம் சற்று அசைகிறது, வெயிலில் விரிகிறது, உப்புநீரில் நனைந்தபடியே கிடக்கிறது. அங்கே இடும் பசை இறுகவும் வேண்டும், வளைந்துகொடுக்கவும் வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த இடத்துக்குப் பொலியூரித்தேன் பசையைத்தான் பயன்படுத்தினோம். பிடிப்பு நல்லது. ஆனால் வாடைக்காற்றோடு மழை தொடங்கிவிட்டால் பசைக்குள் குமிழ்கள் தோன்றும். அதிலுள்ள ஐசோசயனேற்று நீராவியுடன் தாக்கமுறும்போது காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. ஈரமும் வெக்கையும் கூடிய நாளில் அந்த வாயு வெளியேறுவதற்குள் பசை இறுகிவிடுவதால், வெட்டிப் பார்த்தால் பாண் துண்டு போலத் துளைகள் தெரியும். சிலிக்கோன் பசையில் இந்தக் குறை இல்லை. அதன்மேல் பெயின்ற் பிடிக்காது என்பது வேறு குறை. அதைத் துடைத்த இடத்தில் மெல்லிய படலம் எஞ்சியிருந்தாலும், பின்னர் பூசும் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு மீன்கண் போன்ற சிறு குழிகளாக விலகி நிற்கும். ஒருமுறை அப்படிக் கெட்டுப்போன பக்கத்தைத் தேய்த்தெடுக்க இரண்டு நாட்கள் சென்றன.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது சைலேன் என்ற சிலிக்கன் சேர்வையை இணைத்த பொலிஈதர் பசை. ஜப்பானின் கனேகா நிறுவனம் 1970களின் இறுதியில் இவ்வகைப் பல்பகுதியத்தை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறை, சந்தைக்குக் கொண்டுவந்தது. நீண்டு வளையும் பொலிஈதர்ச் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டு, அதன் முனைகளில் மாத்திரம் ஒரு சிலிக்கன் அணுவையும் அதனோடு இரண்டு மெத்தொட்சிக் கூட்டங்களையும் பொருத்திவிடுகிறார்கள். காற்றிலுள்ள ஈரம் அந்த முனையைத் தொட்டதும் மெத்தொட்சி கழன்று மெதனோலாக ஆவியாகிறது. அந்த இடத்தில் ஐதரொட்சில் அமர்கிறது. அவ்வாறான இரண்டு முனைகள் சந்திக்கையில் சிலிக்கன்–ஒட்சிசன்–சிலிக்கன் என்ற உறுதியான பாலம் உருவாகிறது. ஐசோசயனேற்று இல்லாததால் குமிழ் இல்லை. உடல் பொலிஈதராகவே இருப்பதால் பெயின்றும் பிடிக்கிறது. ஒரு சங்கிலியின் கடைசி நுனியில் செய்யப்படும் இவ்வளவு சிறிய மாற்றம் அந்தப் பொருளின் நடத்தையையே மாற்றிவிடுகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

குழாய்க்குள் அடைத்துவைத்த பசைக்கும் ஒரு காவல் தேவை. அதற்காகவே வைனைல் சைலேன் சிறிதளவு கலந்திருக்கும். உள்ளே கசியும் ஈரத்தை அது முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். அந்தக் காவல் தீர்ந்துபோன குழாயிலுள்ள பசை இறுகி, பசைத் துப்பாக்கியில் நகராது. பரப்பில் பற்றிக்கொள்வதற்கு அமினோ சைலேன், இறுகலைத் துரிதப்படுத்த வெள்ளீயச் சேர்வை, பசைக்கு உடம்பு கொடுக்கக் கல்சியம் காபனேற்றுத் தூள் என்று மற்றவையும் உண்டு.

இவ்வளவும் படித்துத் தெரிந்திருந்தும் நான் ஒரு பெரிய பிழையை விட்டேன். சுற்றுலாப் படகொன்றின் மேல்தட்டு முழுவதையும் கழற்றி மீண்டும் ஒட்டவேண்டியிருந்தது. விளிம்பின் அகலம் 70 மில்லிமீற்றர். இடைவெளி எதுவும் இருக்கக்கூடாது என்று எண்ணி, அகலம் முழுவதற்கும் பசையைப் பரப்பச் சொன்னேன். அழகாகப் பிதுங்கி வந்தது, துடைத்துவிட்டோம். மூன்றாம் நாள் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், நல்ல றப்பர் போல இருந்தது. போல்ற்றுகளை இறுக்கி அனுப்பிவைத்தோம். மூன்று வாரத்தில் படகு திரும்பி வந்தது. அலையில் மேல்தட்டு முனகுகிறது என்றும் உட்புறம் ஈரம் கசிகிறது என்றும் சொன்னார்கள்.

விளிம்பின் ஒரு முழ நீளத்தைத் திறந்தோம். மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்தபோது முதலில் இறுக்கமாகத் தடுத்தது, பிறகு ஒரேயடியாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெளியே இழுத்த கத்தியின் நுனியில் சாம்பல் நிறப் பசை, குழாயிலிருந்து அப்போதுதான் வந்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஓரங்களிலும் 13, 14 மில்லிமீற்றர் அளவுக்கு இறுகியிருந்தது. நடுவில் முழுவதும் களி.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பசை வெளியிலிருந்து உள்நோக்கியே இறுகுகிறது. ஏற்கெனவே இறுகிய தோலினூடாகத்தான் அடுத்த ஈரம் உள்ளே நுழையவேண்டும் என்பதால், ஆழம் நாட்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. முதல் நாளில் 3 மில்லிமீற்றர் என்றால் 6 மில்லிமீற்றருக்கு 4 நாட்கள், 9 மில்லிமீற்றருக்கு 9 நாட்கள். 70 மில்லிமீற்றர் விளிம்பின் நடுப்பகுதி ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் 35 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 136 நாட்கள், அதாவது நாலரை மாதம். 21 நாட்களுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 13.7 மில்லிமீற்றர் வந்தது. கத்தியில் கண்ட அளவும் அதுவே. சுற்றிவரக் கடல் இருக்க, அந்தப் பசை நீரில்லாமல் கிடந்திருக்கிறது.

எங்களோடு வேலை செய்யும் ஓடாவியார், அதாவது படகுத் தச்சர், கிண்ணியாவைச் சேர்ந்தவர்; காக்கா (அண்ணன்) என்றுதான் அவரை அழைப்பேன். மரவள்ளங்களின் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையில் பழகிய கை. திறந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, மரமும் தண்ணி குடிச்சாத்தான் ஊதி மூட்டு இறுகும். இதுக்கும் தண்ணி வேணுமெண்டு நீங்கதானே சொன்னீங்க. இப்பிடி அடைச்சு வெச்சா எங்கால குடிக்கிற?" என்று கேட்டார். "ஓம் காக்கா, நான்தான் அடைச்சிட்டன்" என்று சொன்னேன். என் கணக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்ட விடயம் அவருடைய ஒரு கேள்விக்குள் இருந்தது.

பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, வேறு விதமாக ஒட்டினோம். வெளி ஓரத்தை ஒட்டி ஒரேயொரு தொடர் வரி. அழுந்திய பின் அதன் அகலம் 12 மில்லிமீற்றருக்கு மேற்படாது. உட்பக்கத்தில் விளிம்புக்குக் குறுக்காகச் சிறு துண்டு வரிகள், அவற்றுக்கிடையே காற்றுப் போய்வர வழி. பசை முற்றாகப் பிதுங்கிவிடாதிருக்க 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள றப்பர்த் துண்டுகளை இடையிடையே வைத்தோம். ஈரம் இரு பக்கமும் எட்டும்போது நடுப்பகுதிக்கான தூரம் 6 மில்லிமீற்றர்தான். வெளி இடுக்கை மூடும் பூச்சை ஐந்தாம் நாள்வரை தள்ளிப்போட்டேன். கச்சான் காற்று அடித்துக் காற்று உலர்ந்திருக்கும் மாதங்களில் மேல்தட்டை இறக்குவதற்கு முன்னர் எதிர்ப்பரப்பில் நீரை மெல்லிய தூவலாகத் தெளிக்கிறோம். மார்கழியில் நிலைமை நேர்மாறானது: தோல் விரைவாகப் பிடித்துவிடும், ஆகையால் பசையிட்ட கையோடு தட்டை இறக்கவேண்டும்.

இதே சைலேன் வேதியியல் எங்கள் பட்டறைக்குள் வேறு உருவிலும் இருக்கிறது. ரெசினுக்குள் வைக்கும் கண்ணாடி இழையின் மேற்பூச்சிலும் சைலேன் உண்டு. ஒரு முனை கண்ணாடியையும் மறுமுனை ரெசினையும் பற்றிக்கொள்வதால்தான் பைபர் நீரில் கிடந்தும் வலுவிழக்காமல் தாங்குகிறது. மின்வடங்களின் பொலித்தீன் உறையிலும் வைனைல் சைலேனை ஒட்டவைத்து, பின்னர் வெந்நீரிலோ நீராவியிலோ வைத்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பை உண்டாக்குகிறார்கள். சாதாரண பொலித்தீன் 110 பாகை செல்சியசை அண்டி உருகிவிடும். குறுக்குப் பிணைப்புள்ள உறையை 200 பாகையில் பாரம் தொங்கவிட்டு 15 நிமிடம் சோதிப்பார்கள், அது நீளுமே தவிர உருகி விழாது. அங்கும் உறை தடித்தால் நீரில் வைக்கும் நேரம் கூடும்.

இப்போது ஒவ்வொரு வேலையின்போதும் அதே பசையை இரண்டு பைபர்த் துண்டுகளுக்கிடையே, விளிம்பில் இட்ட அதே அகலத்தில் வைத்து நிழலில் ஓரமாக விட்டுவிடுகிறேன். நாலாம் நாள் அதைப் பிளந்து நடுவைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் போல்ற்றுகளை இறுக்கச் சொல்வேன். அந்தச் சுற்றுலாப் படகு பின்னர் ஒருமுறை என்ஜின் பலகை மாற்றுவதற்காக வந்தது. வேறு வேலைக்காக வந்திருந்தாலும், காக்கா அதே மெல்லிய கத்தியை எடுத்துக்கொண்டு விளிம்பு நெடுகப் போனார். ஓரிடத்திலும் அது உள்ளே இறங்கவில்லை.