கட்-ஓவர் முடிந்தது, மீட்டர் ஓடவில்லை

பழைய டிடிஎம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை என்ஜிஎன்னுக்கு, அதாவது குரலைப் பாக்கெட்டுகளாக அனுப்பும் புது வலையமைப்புக்கு, மாற்றியபோது, சந்தாதாரர் ஒயர்கள் வந்து சேரும் எம்டிஎஃப் அறையில் நின்றவன் நான். வரைபடத்தில் பார்த்தால் சுலபமான வேலைதான். சந்தாதாரர் லைனைப் பிடிக்க ஒரு ஆக்சஸ் கேட்வே, அதை ஆட்டிவைக்க எங்கோ ஒரு சாஃப்ட்ஸ்விட்ச் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள், இரண்டும் பேசிக்கொள்ள ஹெச்.248 என்ற நெறிமுறை. 64 கிலோபிட் டைம்ஸ்லாட்டில் போன குரல் இனி ஆர்டிபி பாக்கெட்டாகப் போகும்.

எங்கள் உயிரை எடுத்தது, எந்த ஒயர் ஜோடியில் எந்த எண் என்று எழுதிய பதிவேடு. அதில் ஒரு எண் இருக்கும், ஒயர்களைப் பொருத்தும் டேக் பிளாக்கில் வேறு எண் பேசும். ஒவ்வொரு ஜோடியிலும் டெஸ்ட் போனைக் கொக்கிபோட்டு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தோம். மூன்று வாரம் அதற்கே போனது.

பிறகு ஹாஃப் டாப்பிங். பழைய ஜம்பர் ஒயரைத் தொடாமல் அதே ஜோடிக்குப் புது கேட்வேயிலிருந்தும் ஜம்பர் இழுத்து, புதுப் பக்கத்தில் தொடர்பைத் துண்டிக்கும் ஆப்பு செருகி வைத்தோம். லைன்களைப் புதுசுக்கு மாற்றும் கட்-ஓவர் இரவில் பழைய பக்கத்தில் ஆப்பைச் செருகு, புதுப் பக்கத்தில் பிடுங்கு, அவ்வளவுதான். சில நிமிடத்தில் டயல் டோன் வந்துவிட்டது. ஜம்பர் மாறிய ஏழெட்டு லைன்களை விடிவதற்குள் சரிசெய்தோம்.

காலையில் முதல் புகார் ஃபேக்ஸ். குரலுக்கு ஜி.729 வைத்திருந்தார்கள், மனிதப் பேச்சுக்கென்றே சுருக்கும் கோடெக் அது, ஃபேக்ஸ் டோன் அதில் சிதைந்துவிடும். ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறையை இயக்கியதும் அடங்கியது.

அடுத்தது விசித்திரம். ஒரு தங்கும் விடுதிக்காரர், "சார், கால் போகுது, பேசுறாங்க, பில் மட்டும் பூஜ்யம்" என்றார். மறுமுனை எடுத்ததும் பழைய எக்ஸ்சேஞ்ச் லைனின் போலாரிட்டியை, அதாவது பிளஸ்-மைனஸை, திருப்பிவிடும். அவருடைய பிபிஎக்ஸ், அதாவது விடுதிக்குள் இருந்த குட்டி எக்ஸ்சேஞ்ச், அதைப் பார்த்துத்தான் பில் மீட்டரை ஓட்டும். எங்கள் கேட்வே திருப்பவே இல்லை. மல்டிமீட்டரை லைனில் வைத்துக்கொண்டு அழைத்துப் பார்த்தேன்: எதிர்முனை 'ஹலோ' சொன்ன பிறகும் முள் அந்தப் பக்கம் சாயவில்லை. போர்ட் அமைப்பில் அந்த வசதி அணைந்து கிடந்தது. இப்படிப்பட்ட லைன்கள் எவை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நியாயமாக அதைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும். பிபிஎக்ஸ் வைத்திருந்த ஒவ்வொருவரையும் நாங்களே அழைத்துக் கேட்டோம். இன்னும் நான்கு பேர் அகப்பட்டார்கள். அதில் ஒருவர் மட்டும், "ரெண்டு நாளா பில்லே வரலையே, நல்லாத்தானே இருக்கு?" என்றார்.