ஒரே நெஞ்சுக்கு இரண்டு சி.டி.

அப்பாவுக்கு 78 வயது. இதயத்தின் அயோர்ட்டிக் வால்வு சுருங்கிவிட்டது என்பது எக்கோ ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாகப் புது வால்வு வைக்கும் டாவி செய்யலாமா என்று பார்க்க வேண்டும். "அளவெடுக்க ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் எடுத்தால் செலவு கூடும் என்று நான் போட்ட கணக்கில்தான் சனி உட்கார்ந்தது.

திண்டுக்கல்லில் தெரிந்த ஸ்கேன் சென்டரில், ரத்தக் குழாய் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி நெஞ்சு சி.டி. எடுத்தோம். மதுரைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினால், ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இசிஜியோட சேர்த்து எடுக்கலையே, துடிப்புல படம் கலங்கியிருக்கு. தொடை வரைக்கும் வேற வேணும்." வால்வின் வளையம் வட்டமாக இருக்காதாம், முட்டை வடிவமாம். சாதா எக்கோவில் ஒரு விட்டம்தான் கிடைக்கும். சி.டி.யில் வளையத்தின் சுற்றளவு, பரப்பளவு, சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது, தொடைக் குழாய் எவ்வளவு அகலம் எல்லாம் தெரியும். இதை முதல் நாளே ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தந்திருக்கக் கூடாதா?

மறுபடியும் கான்ட்ராஸ்ட் என்றதும் எனக்குப் பயம். அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அப்பாவுக்கோ சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏற்கெனவே 1.6. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ போதாதா என்று கேட்டேன். 3டியில் வளையத்தை அளந்துவிடலாம், ஆனால் தொடைக் குழாய் அதில் வராது என்றார். கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ.யும் உண்டு, சுண்ணாம்பு அதில் சரியாகத் தெரியாது, மூச்சு வாங்கும் மனிதர் அவ்வளவு நேரம் மல்லாந்து படுக்கவும் வேண்டும். சரி, சி.டி.தான். ஒரு வாரம் பொறுத்து, ரத்தம் பார்த்து, நிதானமாக நீர் ஏற்றி, கான்ட்ராஸ்ட் மருந்தைக் குறைத்து எடுத்தார்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறமும் விடவில்லை. கவுன்டரில் தந்த வட்டில் ரிப்போர்ட்டும் நாலு படமும்தான். "சிடிதான் குடுத்தாச்சே சார்!" "எந்த சிடிம்மா?" என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினோம். மெல்லிய ஸ்லைஸ் படங்கள் முழுவதும், டைகாமாக, அதாவது ஸ்கேன் படங்களுக்கான மூலக் கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். அந்தச் சொல்லுக்குத்தான் அந்தப் பெண் எழுந்து உள்ளே போனார்.

புது வட்டு டாக்டரின் கம்ப்யூட்டரில் திறந்தது. வால்வு சைஸ் அன்றே முடிவானது. பழைய வட்டை அப்பா கொய்யா மரத்தில் கட்டிவிட்டார், கிளி விரட்ட.