அருவிக்குப் போகும் முன் ஒரு காபி

போஸ்னியாவுக்குப் போகலாம் என்றதும் மனைவி கேட்டது, "அங்கே இன்னும் சண்டை நடக்குதாங்க?" அது 1995-லேயே முடிந்துவிட்டது என்றேன். "சரி, பார்க்க என்ன இருக்கு?" ஆறு என்றேன். வியன்னாவில் எங்கள் வீட்டுப் பக்கமே டான்யூப் ஓடுகிறது. அதையே எட்டிப் பார்க்காத ஆள் ஆறு பார்க்க நாடு விட்டு நாடு போகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போனில் ஊனா ஆற்றின் படத்தைக் காட்டிய பிறகுதான் பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

பச்சையா நீலமா என்று தீர்மானிக்க முடியாத நிறம் அந்த ஆற்றுக்கு. குரோஷியாவில் ஊற்றெடுத்து, சில இடங்களில் இரண்டு நாட்டுக்கும் எல்லையாக ஓடி, 200 கிலோமீட்டருக்கு மேல் வந்து சாவா ஆற்றில் கலக்கிறது. அதன் மேல்பகுதியில் இருக்கும் பள்ளத்தாக்கையும் காட்டையும் 2008-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நாங்கள் தங்கிய குலென் வாகுஃப் அங்கேதான் இருக்கிறது. ஒரு பாலம், ஒரு மசூதி, நாலைந்து கடை, மலைமேல் ஒஸ்த்ரோவிட்சா என்றொரு பாழடைந்த கோட்டை. ஊர் அவ்வளவுதான். ஆனால் ஜூலையில் தெருவெல்லாம் ஆஸ்திரிய, ஜெர்மன், ஸ்லோவேனிய நம்பர் பிளேட் கார்கள். போரில் கிளம்பிப் போனவர்கள், பிழைப்புக்காகப் போனவர்கள் எல்லோரும் கோடைக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு அறை கொடுத்த அந்தம்மாவுக்கும் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் வேலை பார்க்கும் மருமகன் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு நல்ல ஜெர்மன், எங்களுக்கு ஓட்டை ஜெர்மன். வண்டி ஓடியது.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பிறவிப் பழக்கம். இங்கே கழற்றிய கையோடு வேறொரு செருப்பை மாட்டிவிடுகிறார்கள். வெறுங்காலோடு தரையில் நடந்தால் குளிர்ச்சி ஏறி சிறுநீரகத்தைப் பிடித்துவிடுமாம். வெளியே 35 டிகிரி வெயில். என் அளவுக்கு இருந்தது ரோஜா நிறத்தில், மேலே பஞ்சுப் பூ வைத்த ஜோடி ஒன்றுதான். அந்த வீட்டில் இருந்த வரை அந்தப் பூவோடுதான் நடமாடினேன்.

அறைக்குப் போனதும் ஜன்னலைத் திறந்தேன். காற்று குறுக்கே வரட்டும் என்று கதவையும் திறந்து வைத்தேன். எங்கிருந்து பார்த்தாரோ, கையில் மாவோடு அந்தம்மா ஓடி வந்து இரண்டையும் அறைந்து சாத்தினார். மருமகன் விளக்கினார்: எதிரெதிரே திறந்து வைத்தால் வருகிற அந்தக் காற்றுக்கு 'ப்ரோமாயா' என்று பெயர். கழுத்துப் பிடிப்பு, பல்வலி, காதுவலி, முதுகுவலி, முகம் கோணிக்கொள்வது, எல்லாம் அதனால்தான் வரும். "நீங்கள் நம்புகிறீர்களா?" என்றேன். அவர் மாமியார் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு, "நம்புகிறேன்" என்றார்.

எனக்கும் வாதாட வாயில்லை. ஈரத்தலையோடு வாசலில் நின்றால் ஜன்னி வந்துவிடும் என்று விரட்டிய பாட்டியிடம் வளர்ந்தவன் நான். என்ன, என் பாட்டி ஜன்னலையாவது திறந்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை ஷ்டர்பாச்கி புக் அருவிக்குப் போவதாகத் திட்டம். மருமகனே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். எட்டு மணிக்கெல்லாம் தயாராக நின்றோம். கிளம்பும் முன் ஒரு காபி என்றார் அந்தம்மா.

போஸ்னியக் காபியைத் துருக்கிக் காபி என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவிட்டு, அதில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பொடியைப் போடுகிறார்கள். பொங்கி வந்ததும் எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றி நுரையைத் தட்டி எழுப்புகிறார்கள். நீளக் கைப்பிடி வைத்த செம்புப் பாத்திரம், பிடியே இல்லாத குட்டிக் கிண்ணம், சர்க்கரைக் கட்டி, பக்கத்தில் மாவு தூவிய ரஹத் லோகும் மிட்டாய். சர்க்கரையைக் காபியில் போடாமல், கட்டியின் முனையை நனைத்துக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். கிண்ணம் காலியானால் மறுபடி நிரம்பும். பாத்திரம் காலியானால் அடுத்த பாத்திரம் வரும். இங்கே காபி என்பது குடிக்கிற சமாச்சாரம் அல்ல, உட்காருகிற சமாச்சாரம் என்று தெரிவதற்குள் மணி ஒன்பதரை.

அந்த நேரம் பார்த்து அந்தம்மா என்னிடம் திரும்பி, "அச்சா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு "நஹி", "பேட்டி", "சாஸ்" என்று அடுக்கிக்கொண்டே போனார். போஸ்னிய டிவியில் இந்தி சீரியல்கள் துணைத் தலைப்போடு ஓடியிருக்கின்றன. ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார். எனக்கு இந்தி தெரியாது என்றதும் முகத்தில் ஆழ்ந்த சந்தேகம். மருமகன் மூலமாக எங்கள் ஊர் மொழி வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அந்தம்மா அனுதாபத்தோடு எனக்கு இன்னொரு கட்டி சர்க்கரை வைத்தார்.

ஆனால் அதே சீரியல்களை என் மனைவி தமிழ் டப்பிங்கில் பார்த்திருந்தாள். அவ்வளவுதான். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத இரண்டு பெண்கள் கையாலும் கண்ணாலும் கதை பேச ஆரம்பித்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டு, புருவத்தை உயர்த்தி, மூன்று பக்கமும் தலையைத் திருப்பிக் காட்டினால் அது கொடுமைக்கார மாமியார். அந்தம்மா அதைச் செய்து காட்டிய விதத்தில் ஏதோ சொந்த அனுபவம் தெரிந்தது. மருமகன் டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். அவருடைய பையன் ஓடி வந்து என் முழங்கையில் இடிக்க, என் வெள்ளைச் சட்டை மேல் ஒரு கிண்ணம் காபி.

பத்தரைக்குக் கிளம்பினோம். அருவிக்குப் போகும் சாலையில் தார் சீக்கிரமே முடிந்து ஜல்லி ஆரம்பித்துவிடுகிறது. கார் எழுப்பிய புழுதிக்கு ஜன்னலை ஏற்ற வேண்டியதாயிற்று. மருமகனுக்கு இரட்டைத் திருப்தி. காட்டுக்குள் பாதையை விட்டு விலகிப் போகாதீர்கள் என்று மட்டும் சிரிக்காமல் சொன்னார். இந்த நாட்டில் கண்ணிவெடி அகற்றப்படாத இடங்கள் இன்னமும் இருக்கின்றன.

சுமார் 24 மீட்டர் உயரத்திலிருந்து ஆறு மொத்தமும் விழுகிறது. ஓடும் தண்ணீர் பொதுவாகப் பாறையை அரிக்கும். இங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பாசியின் மேல் படிந்து படிந்து கல்லாகிவிடுவதால், ஆறு தான் விழ வேண்டிய படிகளைத் தானே கட்டிக்கொள்கிறது. மரப்பலகை நடைபாதையில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கிறது. நான் பேச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். மனைவியின் போன் டிங் என்றது.

எதிர்க்கரை குரோஷியா. அதாவது ஐரோப்பிய ஒன்றியம். போஸ்னியாவில் எங்கள் ஆஸ்திரிய சிம்முக்கு டேட்டா போட்டால் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதால் வந்ததிலிருந்து அணைத்தே வைத்திருந்தோம். இங்கே போன் தானாகவே குரோஷிய டவரைப் பிடித்து, வரவேற்புச் செய்தி அனுப்பியிருக்கிறது. உள்ளூர்க் கட்டணம்தான்! மனைவி நடைபாதையின் ஒரு குறிப்பிட்ட மூலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு அடி நகராமல் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். பின்னால் அருவி இடி மாதிரி விழுகிறது. மாமியார் திரையில் வந்ததும் கேட்டது, "மாப்பிள்ளை சட்டையில் என்ன கறை?"

திரும்பும் வழியில் மார்ட்டின் ப்ரோட். உனாட்ஸ் என்ற ஆறு ஊனாவில் வந்து சேரும் இடம். தெருவுக்கு ஒரு ஓடை, ஓடைக்கு ஒரு சின்ன அருவி, அருவிக்குக் கீழே மரத்தில் கட்டிய தண்ணீர் மில். மதியம் வறுத்த ட்ரவுட் மீன் சாப்பிட்டோம். பணம் கொடுக்கும்போது நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜெர்மனியே 2002-ல் கைவிட்ட மார்க், இங்கே மட்டும் 'மாற்றத்தக்க மார்க்' என்ற பெயரில் சௌக்கியமாக இருக்கிறது. ஒரு யூரோவுக்கு இரண்டு மார்க்குக்குச் சற்றுக் குறைவு.

மில்லுக்குப் பக்கத்தில்தான் அந்த மரத்தொட்டி இருந்தது. இடைவெளி விட்டு அடித்த சட்டங்களால் ஆன பெரிய கூடை போன்ற தொட்டி. மேலேயிருந்து ஒரு மரக்குழாய் வழியாக ஓடைத் தண்ணீர் பாய்ந்து உள்ளே சுழல்கிறது. கம்பளமும் கம்பளிப் போர்வையும் அதில் போட்டால் தண்ணீரே புரட்டிப் புரட்டி வெளுத்துவிடும். சோப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம். சிவப்புக் கம்பளம் ஒன்று உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

மனைவி கம்பளத்தைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். "கழட்டுங்க" என்றாள். அது கம்பளத்துக்கான தொட்டி, சட்டை தாங்காது என்று மருமகன் தயங்கினார். அதற்குள் சட்டை உள்ளே போய், கம்பளத்தோடு ஜோடி சேர்ந்து சுழல ஆரம்பித்துவிட்டது. பனியனோடு நின்ற என்னை அந்த வழியாகப் போன ஒரு பெரியவர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அரை மணி நேரம் கழித்து ஒரு கம்பால் நெம்பி வெளியே எடுத்தோம். கறை போயிருந்தது. பொத்தான்களும் போயிருந்தன. கழுத்துப் பட்டை ஒரு நூலில் தொங்கியது.

மருமகன் வீட்டுக்குப் போன் போட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் அந்தம்மா நீளமாக ஏதோ பேசினார். என்னவாம் என்றேன். ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் ஏற வேண்டாமாம், ஜன்னலைத் திறக்கவே வேண்டாமாம், பொத்தான் டப்பாவைத் தேடி எடுத்து வைத்துவிட்டாராம். காபிக்குத் தண்ணீரும் கொதிக்க ஆரம்பித்துவிட்டதாம்.