எடுத்த முடிவு சரிதானா என்று மனசு அலைபாய்கிறதா?

ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் கைநழுவிப் போய்விடுமே என்ற பயம்தான் பலரை முடிவெடுக்க விடுவதில்லை. இந்தப் பயம் வருவது பெரும்பாலும் தகவல் குறைவால் அல்ல, என்ன தேடுகிறோம் என்று முதலிலேயே எழுதிவைக்காததால்.

லேப்டாப் வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தேடத் தொடங்கும் முன்பே கட்டாயம் வேண்டிய மூன்றை மட்டும் தாளில் எழுதுங்கள்: 16 ஜிபி ரேம், ஒன்றரை கிலோவுக்குள் எடை, உச்சபட்ச விலை. மூன்றும் பொருந்துகிற ஐந்தைப் பாருங்கள், அதற்குள் ஒன்றை முடித்துவிடுங்கள். பாதியில் நான்காவது நிபந்தனை முளைத்தால் உஷார்! அது தேவையிலிருந்து வந்ததா, கடைசியாகப் பார்த்த விளம்பரத்திலிருந்து வந்ததா என்று கேளுங்கள். ஆகச் சிறந்ததைத் துரத்தாமல், போதுமானது கிடைத்ததும் நிறுத்தும் இந்த முறையை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956-லேயே விளக்கிவிட்டார்.

வாங்கிய பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். விஷ்லிஸ்ட் அப்படியே கிடக்கும், விலை குறைந்தால் அறிவிப்பும் வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் அன்றே அழியுங்கள். திருப்பிக் கொடுக்கலாம் என்ற வசதி நிம்மதி தரும் என்று நினைக்கிறோம். ஆனால் உளவியல் ஆய்வாளர்கள் கில்பர்ட்டும் ஈபர்ட்டும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்தெடுத்த புகைப்படத்தை மாற்றிக்கொள்ள வழி இருந்தவர்களுக்கே அது குறைவாகப் பிடித்தது. அதனால் கீபோர்டு, சார்ஜர், திரை, பேட்டரி எல்லாவற்றையும் முதல் இரண்டு நாளில் சோதியுங்கள். பழுதில்லையா? திருப்பிக் கொடுக்கும் யோசனையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

வேலை, வீடு மாதிரி பெரிய முடிவென்றால் ஐந்து போதாது, பத்துகூடப் பார்க்கலாம். கெடு தேதியை மட்டும் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.