புல்லட்டின் எஞ்சின் இருக்கையும் நான் அவசரப்பட்டு வாங்கிய டயரும்

மாமாவிடமிருந்து எனக்கு வந்த 1974-ஆம் ஆண்டு புல்லட் 350-ஐச் சீர்செய்யத் தொடங்கியபோது முதல் காரியமே தவறிவிட்டது. பின்சக்கரம் பருமனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே 4.00-19 டயர் (அகலம் 4 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம்) ஒன்றை வாங்கித் தக்கலையில் மாட்டியும் விட்டேன். வண்டியில் இருந்த அளவு 3.25-19. முக்கால் அங்குலம்தானே என்று எண்ணினேனே தவிர, அது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் பிதுங்கும் என்று கணக்கிடவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றியபோதே இடப்பக்கத்துச் செயின் டயரை உரசி, ரப்பர் தூள் கரும்பொடியாக உதிர்ந்தது.

மார்த்தாண்டத்தில் பழைய புல்லட்டுகளைப் பார்க்கும் அண்ணாச்சியோ டயரைக் கவனிக்கவே இல்லை. வண்டியின் பின்னால் குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிச் செயினின் போக்கைப் பார்த்தவர், "மக்ளே, டயரு இருக்கட்டு, எஞ்சினு வலத்த ஒதுங்கியில்லா இருக்கு" என்றார். பின் பல்சக்கரத்தின் பற்கள் வெளிமுகத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தன. முன்பு எப்போதோ எஞ்சினை இறக்கி ஏற்றிய பட்டறை ஒன்றில், எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கு தகட்டருகே இடைவெளியை நிரப்ப வர வேண்டிய வளையத்தைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து வலப்பக்கமாக 4 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தன.

இந்த வண்டியில் எஞ்சினுக்கு அடியில் சட்டக் குழாய் கிடையாது. முன்குழாயையும் பின்பகுதியையும் இணைப்பதே எஞ்சின்தான் என்பதால், அது பிசகி உட்கார்ந்தால் சட்டமும் முறுக்கிக்கொண்டே இறுகும். 500 சிசி எஞ்சினையே வைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் தூண்டினார். ஆர்.சி. விவரங்கள் மாறும் வகையில் வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எனவே பழைய எஞ்சினையே நேராக உட்கார வைத்தோம். லேத்தில் புது வளையம் கடைந்து, எஞ்சினைச் சட்டத்தில் பிணைக்கும் ஸ்டட்டுகள் (மரையிட்ட கம்பிகள்) எல்லாம் சுத்தியல் படாமல் கையாலேயே நுழைந்த பிறகே, மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினோம். பின் டயரைச் சுற்றி நூலை முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்து, இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்றும் பார்த்தோம்.

அதன் பிறகும் 4.00 டயர் பொருந்தவில்லை. 1.85 அங்குல ரிம் அதன் ஓரங்களை உள்ளே இறுக்குவதால் நடுப்பகுதி கூம்பி, தரையைத் தொடும் பரப்பு நான் எதிர்பார்த்த அளவுக்கு அகலவே இல்லை. பின்னால் 3.50-19, முன்னால் நேர்வரி போட்ட 3.25-19 என்று முடிவு செய்தேன். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளின் ஈர இலைகள்மேல் முன்சக்கரம் சொன்ன திசையில் போவதே எனக்கு முக்கியம். ரப்பர் விளையும் குமரி மாவட்டத்தில் 19 அங்குல டயருக்கு மூன்று வாரம் காத்திருந்தது வேறு கதை. கடையில் முதலில் காட்டிய டயரின் பக்கச்சுவரில் 0817 என்றிருந்தது. 2017-இன் எட்டாவது வாரத்தில் செய்தது என்று பொருள். அவ்வளவு பழைய டயர் வேண்டாம் என்று அதை அங்கேயே திருப்பிக் கொடுத்தேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று பக்கவாட்டில் அறைந்தபோதும் வண்டி தடம் விலகவில்லை. 300 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்டட்டுகளை மறுபடி சோதித்தேன்; அடியில் இருந்த ஒன்று மட்டும் அரைச் சுற்று இடம் கொடுத்தது.