மூன்று கிரேக்க எழுத்துகள்

அட்லாண்டாவில் வேலை பார்த்தபோது எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் மீட்டிங் நடத்தும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாயே திறக்காதவரிடம் அவராகவே கருத்துக் கேட்பார். யார், எதை, எப்போது முடிக்க வேண்டும் என்பது அன்றைக்கே எழுத்தில் வந்துவிடும். "எம்பிஏ எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டேன். "எம்பிஏ இல்லை, ஃபிரடர்னிட்டி" என்றார்.

ஃபிரடர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண் மாணவர்கள் சேரும் சங்கம். அதுவரை அது என்றால் ஹாலிவுட் படங்களில் வரும் பீர் பார்ட்டிதான் எனக்கு. இந்தச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகள்தான் பெயர்; அவருடையது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள், வெள்ளையர் நிறைந்த வளாகத்தில் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங் இதில் உறுப்பினர். வாஷிங்டனில் 2011இல் திறக்கப்பட்ட அவரது நினைவிடத்துக்கு முயற்சி எடுத்ததும் இந்தச் சங்கம்தான்.

கல்லூரியில் அவர் கிளைப் பொருளாளராம். கூடப் படிப்பவனிடம் சந்தா வசூலிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், நட்பும் கெடக்கூடாது. சம்பளத்தைக் காட்டி யாரையும் அங்கே வேலை வாங்க முடியாது. ஆபீஸில் அதிகாரம் வந்த பிறகும் அவர் அதட்டாததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் கல்லூரியில் சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் தேடி அலைந்தவர்களுக்கு இது கொஞ்சம் வாய்த்தது. மற்ற நாங்கள் மார்க் வாங்கினோம்.

அப்புறம் ஆட்குறைப்பு வந்தது. பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அந்த வாரமே அவருடைய சங்கத்தின் பட்டதாரிக் கிளையிலிருந்து போன்கள். ஓய்வு பெற்ற ஒருவர் அவருடைய ரெஸ்யூமேவை வரிவரியாகத் திருத்தினார். எனக்குப் பொறாமையாக இருந்தது, உறுத்தலும்தான். 'நம்ம ஆளு' என்று பார்த்து வேலை கொடுப்பதை ஊரில் நிறையப் பார்த்தவன் நான். சொன்னேன். "எங்களை யாரும் உள்ளே விடாததால்தானே இதைக் கட்டினோம்" என்றார். அவர் சங்கத்துக்கு அது சரி. காலங்காலமாக உள்ளேயே இருந்தவர்களின் சங்கங்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது.

ராகிங்கும் உண்டு. 2017இல் பென்சில்வேனியாவில் ஒரு ஃபிரடர்னிட்டி வீட்டில் அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்ட 19 வயது மாணவர், விழுந்து அடிபட்டு இறந்தார். 2024 இறுதியில் வந்த சட்டப்படி, ராகிங்கில் சிக்கிய மாணவர் அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். சேரலாமா என்று கேட்கும் நண்பர்களின் பிள்ளைகளிடம், முதலில் அந்த அறிக்கையைப் படிக்கச் சொல்கிறேன்.